அலுமினிய வோக்கர்: யாழ்ப்பாணத்து வீட்டில் ஆறு மாதப் பாவனை

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த முதியவருக்கு, மடக்கக்கூடிய அலுமினிய வோக்கர் நம்பி வாங்கக்கூடிய சாமான். ஆனால் அது விழாமல் காப்பது உயரமும் கால் றபரும் சரியாக இருந்தால்தான்.

வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேண்டும். உயரம் கூடினால் தோள் தூக்கும், கை பாரம் தாங்காது. குறைந்தால் கூனிக்கொண்டு நடப்பார்கள். நாலு காலையும் ஒரே ஓட்டையில் பூட்டி, பொத்தான் முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரைகுறையாக நிற்கும் பொத்தான் பாரம் விழுந்ததும் உள்ளே போய்விடும். உப்புக்காற்றில் அலுமினியக் குழாய் தாங்கினாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகலாம்.

றபரைக் கிழமைக்கொருக்கால் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். சீமெந்துத் தரையில் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அடியிலுள்ள வரிகள் மறைந்தால் உடனே மாற்றுங்கள். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. தளர்வான றபர் மணலிலேயே கழன்று நின்றுவிடும். மணல் முற்றத்தில் கால்கள் ஏறுக்குமாறாகப் புதையும், சில்லு வைத்தது இன்னும் மோசம். சில்லு டைல்ஸ் வீட்டுக்கு மட்டும்தான். பாசி பிடித்த கிணற்றடிக்கு எந்த வோக்கரும் சரிவராது. உள்ளே கதிரையில் இருத்திக் குளிக்க வார்க்கவேண்டும்.

நடக்கும்போது முதலில் வோக்கர், நாலு காலும் நிலத்தில் பட்டபிறகு ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். முன்கம்பி வரைக்கும் காலைக் கொண்டுபோனால் பின்பக்கம் சாய்த்துவிடும். நிலைப்படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்க நொந்த கால் முதலில்.

கூடுதலாகப் பிழை விடுவது எழும்பும்போதுதான். வோக்கரைப் பிடித்து இழுத்தால் அது ஆளோடு சேர்ந்து சரியும். கதிரையின் கைகளை ஊன்றி எழும்பி நின்றபிறகே பிடியைத் தொடவேண்டும். பிளாஸ்ரிக் கதிரை பின்னுக்கு வழுக்கும், சுவரோடு அணைத்து வையுங்கள். ஐயாவுக்குச் சாய்மனைக் கதிரை எவ்வளவு பிடித்திருந்தாலும் கொஞ்சக் காலம் வேண்டாம்: பதிவாகவும் பள்ளமாகவும் இருப்பதால் இடுப்பு அளவுக்கு மீறி மடியும். பந்து மூட்டு மாற்றியவர்களுக்கு அப்படி மடிந்தால் மூட்டு விலகக்கூடும். குந்தும் கக்கூசுக்குப் பதிலாகக் கொமட் கதிரை எடுங்கள், இருக்கை முழங்காலை விட உயரமாக இருக்கட்டும். முறிந்த எலும்பை ஆணி, தகடு வைத்துப் பொருத்தியவர்கள் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

நோவுக்குப் பயந்து படுத்துக்கிடந்தால் தசை வற்றும், நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும். நோமருந்தைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்துவிட்டால் நடை இலகு. கெண்டைக்கால் வீங்கி நொந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு முட்டினாலோ, திடீரென அரையில் நோவெடுத்துக் கால் கட்டையாகித் திரும்பினாலோ 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நடை பழக்கும் பிசியோதெரபிஸ்ற் சொன்னபிறகு பொல்லுக்கு மாறலாம். பொல்லை நல்ல கால் பக்கக் கையில் பிடித்து, நொந்த காலோடு சேர்த்து முன்னே வைக்கவேண்டும்.