தேயிலையா, கேரட்டா, ஹோம்ஸ்டேயா? நீலகிரி சிறு விவசாயிக்கு எது தாங்கும்?

நீலகிரில ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சிருக்கற வீட்ல எல்லாம் இப்ப இதே பேச்சுதான், பசங்க செடிய பிடுங்கிட்டு கேரட் போடலாம் இல்லன்னா ஹோம்ஸ்டே கட்டலாம்ங்கறாங்க, பெரியவங்க செடி மேல கை வைக்க விடமாட்டேங்கறாங்க.

இலை விலை கேவலம்தான், மறுக்கல. நம்ம டீத்தூள வாங்கிட்டிருந்த சோவியத் மார்க்கெட் போய் 90கள் கடைசில விழுந்த விலை, அப்பப்ப ஏறும், நிக்காது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போகுது, ஆனா இலைக்கு ரேட்டு குன்னூர் தூள் ஏலத்த பாத்துதான். அதே சமயம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இலை எடுத்தா மாசாமாசம் கொஞ்சமாவது பணம் வருது, காட்டெருமை நடுவுல நடந்து போனாலும் தின்னாது, சரிவுல மண்ண புடிச்சு வச்சிருக்கு. 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்களுக்கு கடைசி விஷயம் சொல்லவே வேணாம்.

கேரட்டுல மூணு நாலு மாசத்துல கையில காசு, ரேட்டு இருந்தா. விதை, உரம், மருந்து, ஆள் கூலி எல்லாம் முன்னாடியே போட்டாகணும். நடுராத்திரி தலையில டார்ச் கட்டிட்டு குளிர்ல பிடுங்கி, மெஷின்ல கழுவி, மூட்டை கட்டி விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டில இறக்கணும், அன்னிக்கு வரத்து அதிகம்னா முடிஞ்சுது கதை. கேத்தி மாதிரி தண்ணி இருக்கற பள்ளத்துக்கு சரி, செங்குத்து சரிவுல போட்டா மேல்மண்ணு ஒரு மழைக்கு காலி.

ஹோம்ஸ்டே லோன் போட்டு கட்டறதுன்னா எனக்கு சுத்தமா பிடிக்கல. கூட்டம் ஏப்ரல் மே, மத்த மாசம் வட்டி மட்டும் ஓடும். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (முன்கூட்டியே ஆன்லைன்ல எடுக்கற அனுமதி) வேற, 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000ன்னு கோர்ட் லிமிட் போட்டுச்சு. காலியா கிடக்கற ரூம வாடகைக்கு விடறது வேற விஷயம், அத தாராளமா செய்யலாம்.

என் ஓட்டு தேயிலைய வச்சுக்கிட்டே பக்கத்துல ஒண்ணு சேக்கறதுக்குதான். குன்னூர் கோத்தகிரி கீழ்ச்சரிவு, கூடலூர் பக்கம்னா தோட்டத்துல ஏற்கனவே நிக்கற சில்வர் ஓக் மரத்துல மிளகு கொடி ஏத்தலாம், தனி நிலம் வேணாம், காய்க்க மட்டும் சில வருஷம் பொறுக்கணும். காய வச்ச மிளகுன்னா ரேட்டு வர்ற வரைக்கும் வீட்லயே வச்சிருக்கலாம், இலையையும் கேரட்டையும் அப்படி வைக்க முடியாதே. ஊட்டி உயரத்துல குளிருக்கு மிளகு வராது, அங்க இருக்கறவங்க பள்ளத்துல இருக்கற துண்டுல மட்டும் கேரட் போட்டு பாருங்க.