பழைய காருக்கு ஷோரூம் சொல்லும் விலை: எக்ஸ்சேஞ்ச் கணக்கை எப்படிப் படிப்பது

ஷோரூமில் முதல் கேள்வியே "பழைய வண்டிக்கு எவ்வளவு எதிர்பார்க்குறீங்க சார்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கொடுக்க வண்டியே இல்லாதவர் போலப் பேசி, புது வண்டிக்கான தள்ளுபடியை முதலில் எழுத்தில் வாங்குங்கள். தர வேண்டிய தள்ளுபடியைப் பழைய காரின் விலையோடு சேர்த்துப் பெரிதாகக் காட்டுவது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு.

ஆன்-ரோடு, அதாவது வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து, 10,50,000 ரூபாய் வரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷோரூம் பழைய காருக்கு 4,40,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 தருகிறது, தள்ளுபடி இல்லை. இன்னொன்று காருக்கு 4,10,000தான் தருகிறது. போனஸ் அதே 20,000, தள்ளுபடி 40,000. முதல் இடத்தில் நீங்கள் கட்டுவது 5,90,000, அடுத்ததில் 5,80,000. காருக்கு 30,000 குறைத்துக் கேட்டவரிடம்தான் 10,000 மிச்சம். இரண்டு கொட்டேஷனிலும் இன்சூரன்சும் ஆக்சசரிஸும் ஒரே அளவா என்று பாருங்கள். இங்கே விட்டதை அங்கே பிடிப்பார்கள்.

போனஸ் பெரும்பாலும் கார் கம்பெனி கொடுக்கும் பணம். பழைய ஆர்.சி.யும் புது வண்டியும் ஒரே பெயரில், அல்லது நெருங்கிய குடும்பத்தார் பெயரில் இருக்கச் சொல்வார்கள். பெயர் மாறிய ஆர்.சி. நகல் வந்த பிறகே தருகிற இடங்களும் உண்டு. பில்லிலேயே கழிகிறதா, பிறகு வருமா என்று கேட்டுவிடுங்கள்.

மதிப்பிட வருபவர் கையில் பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் இருக்கும். கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட். அதற்கும் மிக மேலே போனால் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே மீட்டர் பேசாது. விற்கும் முன் கீறலை மறைக்கக் கதவுக்கு முழுப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு: சாதாரணக் கீறல் விபத்துச் சந்தேகமாக மாறி விலையைக் கடிக்கும். உள்ளே சுத்தம் செய்யுங்கள், இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள், சர்வீஸ் பில்களை அடுக்குங்கள். அது போதும். உண்மையில் விலையை உடைப்பது ஏப்ரான் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), டிக்கித் தளத்தில் தெரியும் வெல்டிங்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாக இருக்கும் ஐ.டி.வி.யைக் காட்டி வாதாட வேண்டாம். அது வயதுக்கேற்ற அட்டவணைக் கழிவு. 4 முதல் 5 வயது வண்டிக்கு 50 சதவீதம். சந்தை அப்படி ஓடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானதால் புது விலை இறங்கியது, பழையதும் கூடவே இறங்கியது. டீலர் உங்கள் பழைய காரை மறுபடி விற்கும்போது தன் லாபத்தின் மீது 18 சதவீதம் வரி கட்டுகிறார். 60,000 லாபத்தில் சுமார் 10,000 அப்படிப் போகும். ஆகவே அவர் விற்கப்போகும் விலையையே நீங்கள் கேட்டால் நடக்காது.

சாவி கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ்) கடிதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். க்ளெய்ம் இல்லாத 5 ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதக் கழிவு கிடைக்கும். அது வண்டியோடு போகாது, உங்களோடு வரும். கடிதம் 3 ஆண்டுகள் செல்லும்.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது ஆபத்து. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்யலாம். அதன்பின் பொறுப்பு டீலருடையது. அந்த அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்தால், தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட்டை வாங்கிக்கொண்டு, பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடிவிடுங்கள்.