“3 மீட்டர் தூக்கும் சார்” என்று சொல்லி விற்ற டாப்-ஆஃப் பம்ப்: தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் வெயில் காலம் வருவதற்குள் ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியாகிப் போகும் தண்ணீரைத் தானாக ஊற்றும் அமைப்பு) போட்டுவிடலாம் என்று பம்ப் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பணம் மட்டுமல்ல. மூன்று வருடமாக வளர்த்த உயிர்கள் ஒரே ராத்திரியில் போய்விட்டன.

சென்னையில் என் வீட்டில் இருப்பது மூன்றடித் தொட்டி. கீழே கேபினெட்டுக்குள் சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வந்து போகும் துணைத் தொட்டி), இரண்டும் சேர்த்து 150 லிட்டர் தண்ணீர் ஓடும். இரண்டு கிளவுன் மீன், இரண்டு கிளீனர் இறால், ஆறு டர்போ நத்தை, கொஞ்சம் மென்பவளம். ஏப்ரல், மே மாதங்களில் சூடு ஏறாமல் இருக்க மேலே ஃபேன் ஓடும், அதனால் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வரை ஆவியாகிப் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே போன அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இவ்வளவு நாளும் அம்மாதான் காலையும் மாலையும் சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி அதிகமானதால் குனிய முடியவில்லை, அதனால்தான் சென்சார் வைத்துத் தானாக ஊற்றும்படி செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

வழக்கமாக மீன் தீனி வாங்கும் ஒரு கடையில் கேட்டேன். கடையின் பெயர் சொல்லப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சென்சார், கண்ட்ரோலர், பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு செட் காட்டினார். பம்ப் மேல் பளபளவென்று ஸ்டிக்கர், 15 வாட், ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) 3 மீட்டர் என்று. “சார், இது இம்போர்ட்டட் பீஸ், மாடிக்கே தண்ணி ஏத்தும், உங்க கேபினெட் எல்லாம் ஒரு விஷயமே இல்ல” என்றார். விலை 4,800 ரூபாய், ஆறு மாத வாரண்டி என்று வாயால் சொன்னார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். அந்த ஒரு பதிவுதான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம்.

ஆர்.ஓ. தண்ணீருக்கு 35 லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். டிரம்மிலிருந்து வரும் டியூப் கேபினெட்டின் பின்பக்க ஓட்டை வழியாக ஏறி, அப்புறம் சம்ப்புக்குள் இறங்க வேண்டும். அந்த ஓட்டை தரையிலிருந்து மூன்றரை அடி உயரம், அதாவது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று மீட்டர் தூக்குகிற பம்ப்புக்கு இது பெரிய உயரமே இல்லை. டிரம் நிறைந்திருந்தவரை தண்ணீர் வந்தது. ஆனால் பாதி காலியானதும் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பம்ப் தூக்க வேண்டிய உயரத்தை டிரம்முக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும், மட்டம் இறங்க இறங்க உயரம் கூடும். பாதி டிரம்மில் இருந்து எண்பது சென்டிமீட்டர் சொச்சம்தான், அதையே தூக்க முடியவில்லை என்றால் ஸ்டிக்கரில் போட்ட மூன்று மீட்டர் எங்கே போனது?

கடைக்கு போன் செய்தேன். நான்கு நாள் கழித்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் பம்ப்பைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை அடி ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு டிரம்மை அதன் மேல் தூக்கி வைத்தார். “இப்ப பாருங்க சார், ஈசியா ஏறும்” என்றார். சொட்டுகிற சத்தம் ராத்திரியில் தொந்தரவாக இருக்கும் என்று டியூப் நுனியையும் சம்ப் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டார். சென்சார் ஒரு முறை ஓடி நிற்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். “நைட்டு தானா எடுத்துக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, 300 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ராத்திரி எத்தனை மணிக்கோ சென்சார் தண்ணீர் கேட்டிருக்கிறது. பம்ப் ஓடியது, மட்டம் வந்ததும் சென்சார் சரியாக நிறுத்தியும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. டிரம் இப்போது சம்ப்பை விட உயரத்தில் இருக்கிறது, டியூப் முழுக்கத் தண்ணீர், சைஃபன் பிடித்துக்கொண்டது. பம்ப் அணைந்திருந்தாலும் அதன் வழியாகவே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், டிரம் காலியாகும் வரை. இதே வேலையைத் தினமும் நாலு வீட்டில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

விடியற்காலை அம்மா வாசல் தெளிக்க எழுந்தபோது ஹாலில் கால் வைத்ததும் ஈரம். கரண்ட் போனால் மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கென்று சம்ப்பில் காலி இடம் விட்டிருந்தேன். அதில் ஏறக்குறைய 25 லிட்டர் ஏறி, மிச்சம் தரையில் ஓடி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும் போயிருந்தது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்திருந்ததால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட நெஞ்சு படபடக்கிறது. உங்கள் தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் பம்ப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரில் (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்று காட்டும் கருவி) பார்த்தேன், 35-ல் இருந்த உப்பு 30. மீன்கள் இந்த இறக்கத்தைத் தாங்கிவிடும், தாங்கின. இறாலுக்கும் நத்தைக்கும் அந்தச் சக்தி கிடையாது, தண்ணீரில் உப்பு மளமளவென்று குறைந்தால் அவற்றின் உடம்பு ஈடுகொடுக்காது. பெரிய இறால் பாறை இடுக்கில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது, மீசை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குள் அதுவும் நின்றுவிட்டது. நான் விரலை நீட்டினால் வந்து நகத்தைச் சுத்தம் செய்கிற இறால் அது. நாலு நத்தை போய்விட்டது. லெதர் பவளம் மூன்று வாரம் விரியவே இல்லை. அவசரப்பட்டு உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் மிச்சமிருப்பதும் போகும் என்பதால், ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றி, ஒரு நாளைக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் மெதுவாக ஏற்றினேன்.

அன்று மாலை அந்தப் பம்ப்பைக் கழற்றினேன். டிரம் முழுக்க வற்றிவிட்டதால் பம்ப்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தில் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கையை, பார்க்கத்தான் திறந்தேன். உள்ளே இறக்கைகளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. இந்தப் பம்ப் என்னிடம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் அதில் விடவில்லை, ஆர்.ஓ. தண்ணீரில் இப்படிப் படியாது. போர் தண்ணீரில் எங்கேயோ பல மாதம் ஓடிய பம்ப்பைத்தான் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கரை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்தது: 5 வாட், அதிகபட்ச ஹெட் 0.8 மீட்டர்.

கடையில் கொண்டுபோய் வைத்தபோது அவர் சொன்னது, “சால்ட் வாட்டர்ல யூஸ் பண்ணிருக்கீங்க, வாரண்டி வராது”. ஆர்.ஓ. டிரம்மில் இருந்த பம்ப் என்றேன். “பில் இருக்கா சார்?” என்றார். பில் தர மறுத்ததே அவர்தான். உரித்த ஸ்டிக்கரைக் காட்டியதும் மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தம் போடாதீர்கள் என்று என்னை வெளியே கூட்டிப் போனார்.

இந்த இடத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகச் செயல். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்குத்தான், பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, யு.பி.ஐ. பதிவு, ஸ்டிக்கர், அடியில் இருந்த அச்சு எல்லாவற்றின் படத்தையும் கொடுத்திருக்கிறேன். பாதிப் பணம் தருகிறேன் என்று கடையிலிருந்து போன் வந்தது. முழுப் பணமும் எழுத்தில் ஒப்புதலும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. இம்பெல்லர் சுழன்று தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் போட்டிருக்கும் ‘ஒரு மணிக்கு இத்தனை லிட்டர்’ என்பது உயரமே இல்லாதபோது வரும் அளவு. அதிகபட்ச ஹெட் என்பது தண்ணீர் வெளியே வராமல் டியூபிலேயே நின்றுவிடும் உயரம். ஆகவே உங்களுக்குத் தேவையான உயரத்தைப் போல இரண்டு மடங்காவது ஹெட் இருக்க வேண்டும். அதைக் கடையிலேயே பார்க்கலாம், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு டேப், உங்கள் டியூப். பம்ப்பைப் போட்டு டியூபைச் செங்குத்தாக உயர்த்திக்கொண்டே போங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பக்கெட் தண்ணீர் மட்டம் வரை அளந்தால் அதுதான் உண்மையான ஹெட். அப்படியே இம்பெல்லர் மூடியைத் திறந்து படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு எல்லாம் இருந்தாக வேண்டும், வெறும் பளபளப்பு மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏர் கூலர் பம்ப்பைப் போட்டால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், விலை குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அது 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற சாமான், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், உள்ளே செம்பு வெளிப்பட்டால் இறாலுக்கு விஷம். 24 வோல்ட் ஆர்.ஓ. பூஸ்டர் பம்ப் உயரத்தைச் சுலபமாகத் தூக்கும், ஸ்பேர் எந்த ஏரியாவிலும் கிடைக்கும், ஆனால் படுக்கையறைப் பக்கம் வைக்க முடியாத அளவுக்கு இரைச்சல். நான் இப்போது போட்டிருப்பது பெரிஸ்டால்டிக் பம்ப். உருளைகள் டியூபை நசுக்கித் தள்ளுவதால் அணைந்திருக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது, சைஃபன் பிடிக்க வழியே இல்லை, வறண்டு ஓடினாலும் உடனே கெடாது. நிமிடத்துக்கு 80 மில்லிதான் வரும். நாலு லிட்டருக்கு ஐம்பது நிமிடம், நாள் முழுக்கப் பிரித்து ஓடுவதால் அது போதும், சென்சார் மாட்டிக்கொண்டாலும் நான் கவனிக்க நேரம் இருக்கும். உள்ளே இருக்கும் டியூப் தேயும், அதை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

வேறு பம்ப் போடுகிறவர்கள் டிரம்மின் தண்ணீர் மட்டத்தைச் சம்ப்பில் தண்ணீர் விழும் இடத்தைவிடக் கீழேயே வையுங்கள், டியூப் நுனி தண்ணீரில் முங்கவே கூடாது, முங்கினால் உப்புத் தண்ணீர் திரும்பி டிரம்முக்கு வந்துவிடும். டிரம்மை மேலேதான் வைத்தாக வேண்டும் என்றால் டியூபின் உச்சி வளைவில், டிரம் மட்டத்துக்கு மேலே, காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அதிலிருந்து பீச்சுகிற தண்ணீர் சம்ப்புக்குள்ளேயே விழும்படி திருப்பி வையுங்கள். ஒரே ஃப்ளோட் சுவிட்சை (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து பம்ப்பை நிறுத்தும் சென்சார்) நம்பாமல் அதற்கு மேலே இன்னொன்றையும் தொடராக மாட்டுங்கள், ஒரு நத்தை ஃப்ளோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாலே முதல் சுவிட்ச் பொய் சொல்லும்.

35 லிட்டர் டிரம்மையும் எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது 10 லிட்டர் கேன், தரையில். அது முழுசாகக் கொட்டினாலும் உப்பு 35-லிருந்து 33-க்குக் கொஞ்சம் கீழேதான் இறங்கும், மிச்சமிருக்கும் இறால் அதைத் தாங்கும் என்று நம்புகிறேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை கேனை நான்தான் நிரப்புகிறேன். பில் கொடுக்காமல் யாராவது உங்களுக்கும் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய பம்ப் விற்றிருந்தால், ஸ்டிக்கரை உரித்து அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படம் எடுத்து இதன் கீழே போடுங்கள், என் புகாருடன் சேர்த்து அனுப்புகிறேன்.