ஸ்விட்ச் 2 எடுப்பதா, ஸ்டீம் டெக் எடுப்பதா: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஏற்ற ஓர் ஒப்பீடு

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் சித்தப்பாவிடமும் மாமியிடமும் கொண்டுவரச் சொல்லும் பொருட்களில், கைபேசிக்கு அடுத்தபடியாக இப்போது கையடக்க விளையாட்டுக் கருவிகளும் இடம்பிடித்துவிட்டன. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் ஓலெட் ஆகிய இரண்டில் எதைச் சொல்லிவிடுவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். வால்வ் தனது கருவியை இலங்கைக்கு நேரடியாக விற்பதில்லை. நிண்டெண்டோவின் இணையக் கடையில் இலங்கை என்ற நாடே கிடையாது. எனவே நாம் பார்க்க வேண்டியவை வேறு: வரும் ஆண்டுகளில் விளையாட்டுகளுக்கு எவ்வளவு பணம் போகும், பழுதானால் இங்கே யாரால் திறந்து பார்க்க முடியும் என்பவையே அவை.

2025 யூன் 5 அன்று வெளியான ஸ்விட்ச் 2 இன் அமெரிக்க அறிமுக விலை 449.99 டொலர். 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓலெட், 512 ஜிபி மாதிரிக்கு 549 டொலராகவும் 1 டிபி மாதிரிக்கு 649 டொலராகவும் அறிமுகமானது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் முதலாவது ஏறத்தாழ 1,35,000 ரூபா, இரண்டாவது 1,65,000 ரூபா. இந்த 30,000 ரூபா வித்தியாசத்தைக் கண்டு முடிவெடுப்பவர்கள் அடுத்த கணக்கைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற ஒரே விளையாட்டின் விலை 79.99 டொலர், அதாவது 24,000 ரூபா. நிண்டெண்டோ தன் சொந்த விளையாட்டுகளின் விலையை ஆண்டுகள் சென்றாலும் பெரிதாகக் குறைப்பதில்லை. வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் நிலைமை நேர்மாறானது. தெற்காசியாவுக்கென வகுக்கப்பட்ட தனி டொலர் விலைப்பட்டியல் இலங்கைக்கும் பொருந்துகிறது. அதற்கு மேல், பருவகாலத் தள்ளுபடிகளில் பெரிய விளையாட்டுகள்கூடப் பாதி விலைக்கும் கீழே இறங்குவது வழக்கம். ஸ்விட்ச் 2 வாங்கியவர் இரண்டாவது விளையாட்டை வாங்கும்போதே அந்த 30,000 ரூபா கரைந்துவிடுகிறது. ஸ்டீம் குடும்ப வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை தங்கள் விளையாட்டுகளைப் பகிரலாம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீட்டில் இருப்பது கைபேசி டேட்டா மட்டும்தான் என்றால் தராசு மறுபக்கம் சாயும். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு இரண்டு கருவிகளிலும் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீம் டெக்கில் அதற்கு 70 ஜிபி இடம் தேவை. அவ்வளவையும் இணையத்தில்தான் இறக்க வேண்டும். ஸ்விட்ச் 2 இல் அதே விளையாட்டு 64 ஜிபி விளையாட்டு அட்டையில் முழுமையாக அடங்கிவிட்டது. அட்டையைச் செருகினால் விளையாடலாம், முடித்த பிறகு விற்கலாம், கொக்குவிலில் இருக்கும் நண்பனுக்கு இரவலும் கொடுக்கலாம். எல்லா அட்டைகளும் அப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்றவை வெறும் திறவுகோல் அட்டைகளாகவே வருகின்றன. அவற்றுக்குள் விளையாட்டு இல்லை, தரவிறக்க அனுமதி மட்டுமே இருக்கிறது. பெட்டியின் முகப்பில் அந்த விவரம் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கும்படி உறவினரிடம் சொல்லி வைப்பது அவசியம். ஸ்டீம் டெக் வைத்திருப்பவருக்கும் ஒரு வழி உண்டு: அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியில் அந்த விளையாட்டு ஏற்கெனவே இருந்தால், டேட்டா செலவில்லாமல் அங்கிருந்தே நகலெடுக்கலாம்.

திரையைப் பொறுத்தவரை எண்களை மட்டும் பார்த்தால் ஸ்விட்ச் 2 வெல்கிறது. அதன் 7.9 அங்குலத் திரை 1080பி தெளிவும் விநாடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் வேகமும் கொண்டது. ஸ்டீம் டெக்கின் 7.4 அங்குலத் திரை 1280க்கு 800 மட்டுமே, வேகமும் 90தான். ஆயினும் மின்சாரம் போன இரவில் விறாந்தையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஸ்டீம் டெக்கின் ஓலெட் திரையில் இருள் இருளாகவே இருந்தது. ஸ்விட்ச் 2 இன் எல்சிடி திரையில் அதே காட்சியின் கறுப்பு, சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தது. பகலில் முற்றத்து வெளிச்சம் பட்டதும், கண்கூச்சத்தைத் தடுக்கும்படி பொறிக்கப்பட்ட கண்ணாடி கொண்ட 1 டிபி மாதிரியில் மட்டுமே எழுத்துகளை வாசிக்க முடிந்தது. சித்திரை மாத வெப்பத்தையும் இங்கே மறக்கக்கூடாது. இரு நிறுவனங்களுமே 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. நம் ஊரில் மதிய வேளைகளில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ரயில் பயணம் முழுவதும் பாரமான விளையாட்டுகளை ஆடினால் இரண்டின் பற்றரியும் போதாது. ஸ்விட்ச் 2 இரண்டு முதல் ஆறரை மணித்தியாலமும், ஸ்டீம் டெக் மூன்று முதல் பன்னிரண்டு மணித்தியாலமும் தாங்கும் என்பது நிறுவனங்களின் கணக்கு. பாரமான முப்பரிமாண விளையாட்டுகளில் இரண்டும் கீழ் எல்லைக்கே வந்துவிடும்.

பழுதுபார்ப்பில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. என்னிடம் முன்பு இருந்த ஒரு கருவியின் இடதுபக்கக் குமிழ் விரல் படாமலே தானாக நகரத் தொடங்கியது; நகரில் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் உதிரிப்பாகம் இல்லை என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. ஸ்டீம் டெக்கின் குமிழ்களும் என்றென்றைக்கும் பழுதாகாதவை அல்ல. ஆனால் அதன் உதிரிப்பாகங்களைக் கருவிப் பழுதுபார்ப்பு நிறுவனமான ஐஃபிக்சிட் வெளிப்படையாக விற்கிறது. அடுத்த முறை வரும் உறவினர் அவற்றைப் பைக்குள் போட்டுக் கொண்டுவரலாம். பின்மூடியைத் திறக்க நட்சத்திர முனை கொண்ட சாதாரண டொர்க்ஸ் திருப்புளி போதும். சேமிப்பகத்தைக்கூட நாமே மாற்றலாம். ஸ்விட்ச் 2 ஐப் பிரித்துப் பார்த்த அதே ஐஃபிக்சிட், திருத்த எளிமைக்கு 10க்கு 3 புள்ளிகளே கொடுத்தது; பற்றரி வலுவான பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நினைவக அட்டையிலும் இதே வேறுபாடுதான்: ஸ்டீம் டெக்குக்குச் சாதாரண மைக்ரோ எஸ்டி போதும், ஸ்விட்ச் 2 மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகையில் மட்டுமே விளையாட்டுகளைச் சேமிக்கும்.

ஏழு வயதும் பத்து வயதுமாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, இவ்வளவுக்குப் பிறகும், ஸ்விட்ச் 2 ஐயே சொல்வேன். காந்தத்தால் ஒட்டியிருக்கும் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் சண்டையில்லாமல் ஒரே திரையில் விளையாடலாம்; அந்த வசதி ஸ்டீம் டெக்கில் இல்லை. கால்பந்துப் பைத்தியங்களும் கவனிக்க வேண்டும்: ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 26 ஸ்விட்ச் 2 இல் ஓடும், ஸ்டீம் டெக்கின் லினக்ஸ் இயங்குதளத்தில் மோசடித் தடுப்பு மென்பொருள் காரணமாக ஓடாது. வலரண்ட், ஃபோர்ட்நைட் ஆகிய விளையாட்டுகளும் அதே காரணத்தால் ஸ்டீம் டெக்கில் ஓடா. விண்டோஸ் உள்ள இன்னொரு கையடக்கக் கருவியான ஆர்ஓஜி எக்ஸ்பொக்ஸ் அலை (Ally) அந்தத் தடையை நீக்கினாலும், 2025 இல் அறிமுகமானபோது 599.99 டொலரில் தொடங்கி, நல்ல மாதிரிக்கு 999.99 டொலர் கேட்டது.

உயர்தரம் முடித்த, பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு என்றால் தயங்காமல் ஸ்டீம் டெக். கணினி போல இயங்கும் அதன் மேசைத்தள முறையில் விசைப்பலகையை இணைத்துத் தமிழில் தட்டச்சு செய்யலாம், கட்டுரையும் எழுதலாம்.

பாவித்த ஸ்விட்ச் 2 ஐ வாங்க நினைப்பவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் விற்பவர் முன்னிலையிலேயே அதை வைஃபையில் இணைத்து இணையக் கடையைத் திறந்து பாருங்கள். திருட்டு நகல் விளையாட்டு அட்டைகளைப் பயன்படுத்திய கருவிகளின் இணைய வசதியை நிண்டெண்டோ முடக்குகிறது. உரிமையாளர் மாறினாலும் அந்த முடக்கம் கருவியோடேயே வரும்.