பாஸ்கெட்பால் ஜிஎம்: மேட்சை விட சம்பளக் கணக்கு தான் த்ரில்லு

பிரவுசர்லயே ஓடுற ஃப்ரீ கேம் இது. பந்தை நீங்க தொடவே மாட்டீங்க, ஒரு டீமுக்கு ஜெனரல் மேனேஜரா உக்காந்து யாரை எடுக்கலாம் யாரை விடலாம் யாருக்கு எவ்ளோ குடுக்கலாம்னு முடிவு பண்றது தான் வேலை, மேட்சை கம்ப்யூட்டரே ஆடி முடிச்சிடும். கிராஃபிக்ஸ்னு பெருசா எதுவும் இல்ல, எங்க பாத்தாலும் டேபிள் தான், அது போரடிக்கும்னா இதோட விட்ருங்க.

என்னைப் பிடிச்சு உக்கார வச்சது ரூக்கி, அதாவது லீக்குக்கு புதுசா வர்ற பையனோட கான்ட்ராக்ட் தான். டிராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் முறை வச்சு புதுப்பசங்களை எடுக்குறதுல, முதல் ரவுண்டுல எடுத்த பையனுக்கு 3 வருஷம், ரெண்டாவது ரவுண்டுன்னா 2 வருஷம், சம்பளம் எத்தனாவதா எடுத்தீங்கங்கறத வச்சு ஃபிக்ஸ் ஆயிடும், பேரமே கிடையாது. பையன் மட்டும் தேறிட்டான்னா அந்த 3 வருஷமும் ஜாக்பாட், ஸ்டார் ஆட்டம் ஆடுவான் ஆனா வாங்குறது புதுப்பையன் சம்பளம், மிச்ச காசுல அவன் பக்கத்துல ரெண்டு நல்ல ஆளை நிறுத்திடலாம். கான்ட்ராக்ட் முடியும்போது தான் மொத்தமா கேப்பான்.

நிஜ லீக்லயும் இதே கதை தானே. 1994ல கிளென் ராபின்சன் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல ஒரு மேட்ச் கூட ஆடாம 10 வருஷத்துக்கு 68 மில்லியன் டாலர் டீல் போட்டார், அடுத்த வருஷமே எத்தனாவது பிக்குக்கு எவ்ளோன்னு ரூக்கி சம்பளத்துக்கு ஸ்கேல் வந்துருச்சு. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல இன்னும் மோசம், 2010ல முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு கேரண்டி மட்டுமே 50 மில்லியன், ரூல் மாறின 2011ல அதே முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கே சுமார் 22 தான். பாவம், ஒரு வருஷம் லேட்டா வந்தது தான் அவர் செஞ்ச தப்பு!

கேப்னா ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு இருக்குற லிமிட், கேம்ல டிஃபால்ட்டா இருக்குறது சாஃப்ட் கேப். லிமிட் தாண்டியிருந்தாலும் சொந்த பிளேயரை திரும்ப சைன் பண்ணிக்கலாம், மினிமம் சம்பளத்துக்கு ஆள் சேக்கலாம், ஆனா அதுக்கும் மேல இருக்குற லக்சரி டாக்ஸ் கோட்டைத் தாண்டிட்டா தாண்டின ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர் வரி, அந்தக் காசு கேப்புக்கு கீழ இருக்குற டீம்களுக்கு பங்கு போகும், அதாவது நம்ம காசுலயே எதிரி வளருவான். இருந்தாலும் கையில காசு இருந்தா சமாளிச்சிடலாம். ஹார்டு கேப்புக்கு மாத்திப் பாருங்க, அங்க சொந்தப் பையனை தக்க வைக்கக்கூட லிமிட்டைத் தாண்ட முடியாது, நீங்களே வளத்த மூணு பேருக்கும் ஒரே வருஷம் கான்ட்ராக்ட் முடிஞ்சா ஒருத்தனையாவது வேற டீமுக்கு ட்ரேட் பண்ணியே ஆகணும். என்னைக் கேட்டா அது தான் உண்மையான கேம். சும்மா ஆளை கழட்டி விடவும் முடியாது, ரிலீஸ் பண்ணாலும் கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் அவன் சம்பளம் உங்க கணக்குல தான் நிக்கும்.

குறைன்னா, என்பிஏல முதல் ரவுண்டு ரூக்கிக்கு மூணாவது நாலாவது வருஷம் டீம் ஆப்ஷன் உண்டு, அதாவது வச்சுக்கலாமா விடலாமானு டீமே முடிவு பண்ணலாம், அப்புறம் வேற டீம் ஆஃபர் குடுத்தா அதே ஆஃபரைக் குடுத்து மேட்ச் பண்ணி அவனை வச்சுக்குற உரிமையும் உண்டு, இங்க ரெண்டுமே இல்ல. பதிலுக்கு பிளேயரோட மூடு தான் எல்லாம், டிராஃப்ட் பண்ண டீம்கிட்ட முதல் பெரிய கான்ட்ராக்ட் போட கொஞ்சம் ஆசையா இருப்பான், டீம் தோத்துட்டே இருந்தா அந்த ஆசையும் போயிடும். ஓகே தான், ஆனா அந்த ஆஃபர் மேட்ச் பண்ற டென்ஷன் வராது.

ஆரம்பிக்கிறவங்க முதல்ல சாஃப்ட் கேப்ல கொஞ்ச சீசன் ஓட்டிட்டு ஹார்டு கேப்புக்கு போங்க. லீக் டேட்டா பிரவுசர்ல தான் சேவ் ஆகுது, அதனால அப்பப்ப எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க.