பழைய தேக்கு என்று சொல்லிப் பச்சை மரத்தில் கடைந்து கொடுத்த மிளகு அரைப்பான்

மதுரையில் கடைசல் பட்டறைகளில் மர மிளகு அரைப்பான், அதாவது பெப்பர் மில், செய்யக் கொடுக்க எண்ணுகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

மூட்டுவலி வந்த பிறகு அம்மாவால் சிறு உரலில் மிளகு இடிக்க முடியவில்லை. பொடித்து வைத்தால் மணம் போய்விடுகிறது என்பதால், தாண்டிக்குடியிலிருந்து வரும் மிளகை ரசத்துக்கு வேண்டியபோது திருகி அரைத்துக்கொள்ள அவருக்கு ஒன்றும், சித்திக்கு ஒன்றும் நகருக்குள் உள்ள ஒரு பட்டறையில் பங்குனியில் சொல்லிவைத்தேன். இடித்த வீட்டு உத்தரத் தேக்கில் கடைந்து, எஃகுப் பற்கள் பொருத்தி, இரண்டுக்குமாக 3,600 ரூபாய் என்பது பேச்சு. முழுத் தொகையையும் ஜிபேயில் அனுப்பினேன். ரசீதைப் பொருளோடு தருவதாகச் சொன்னவர், கடைசிவரை தரவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் அரைப்பான்கள் வந்தன. கடைசல் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் ஏமாந்தேன். மூன்று வாரத்தில் அம்மாவின் அரைப்பானில் தலைப்பகுதி திருக வராமல் இறுகிக்கொண்டது. வலியோடு இருக்கும் கையால் அவர் அதைத் திருகிப் பார்த்துவிட்டு, தன் கையில்தான் வலு இல்லை என்று நினைத்து எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் தெருவில் உள்ள ஆசாரி கழற்றிப் பார்த்தவுடன் காரணத்தைச் சொன்னார். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை; ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஈர மரத்தில் வட்டமாகப் போட்ட துளை, காய்ந்தபின் நீள்வட்டமாகிறது. அதற்குள் சுழல வேண்டிய தலையின் கழுத்தும் அப்படியே கோணிப்போய் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் போகாத மரமானால் முதலில் தடிப்பாகக் கடைந்து துளையிட்டு, மாதக்கணக்கில் நிழலில் ஆறப்போட்டு, பிறகே இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். பல ஆண்டுகள் கூரையில் கிடந்து காய்ந்த உத்தரக் கட்டைக்கு இந்தக் கோணல் வர வழியில்லை என்றார். அவர் சொன்னபடி மற்ற அரைப்பானைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: அன்று 412 கிராம், பத்து நாள் கழித்து 389. அடிப்புறம் மயிரிழை வெடிப்பும் கண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தால் தேக்கு நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பற்கள் எஃகு அல்ல, பிளாஸ்டிக். அதைவிட மோசம், மிளகு நிரப்பும் உட்புறத்திலும் வார்னிஷ் அடித்திருந்தார்கள். அது செதிலாக உதிர்ந்து மிளகோடு விழுந்திருக்கிறது. உட்புறத்தை வெறும் மரமாக விடுவதே முறை. பட்டறையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "மரம்னா அப்படித்தான் சார் இருக்கும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்றார் உரிமையாளர். பணத்தைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

செய்யக் கொடுப்பவர்கள் கடைவதற்கு முன்பே கட்டையைப் பார்க்கக் கேளுங்கள். பழைய உத்தரமென்றால் ஆணித் துளையோ, வெயில் படாத பழைய முகமோ பெரும்பாலும் எங்காவது இருக்கும். சாயமும் பூச்சும் ஏறுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். உச்சித் திருகை இறுக்கினால் பொடி மென்மையாகவும், தளர்த்தினால் கரகரப்பாகவும் விழுகிறதா என்று அங்கேயே மிளகு போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ரசீதில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது இல்லாததால், ஜிபே பதிவையும் "தேக்கு" என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தியையும் எடை எடுத்த படங்களையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு அரைப்பான்களையும் பிரித்த நிலையிலேயே சான்றாக வைத்திருக்கிறேன். அம்மா இப்போதைக்கு மிளகை மிக்சியில்தான் போடுகிறார்.