திருகோணமலைப் பறவைகளுக்குக் கையேடா, மெர்லினா?

பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: கையேடு வாங்க வேணுமா, போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இருந்தால் போதாதா? காசுக் கணக்கில் போட்டியே இல்லை. கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசம். நம் பிரதேசத் தொகுப்பை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் ஓடும். அப்புறம் எல்லாம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கன்னியாப் பக்கத்துப் பற்றைகளில் மெர்லின்தான். இலைக்குள் கத்துவதைக் கண் தேடிப் பிடிக்குமுன் அது பறந்துவிடும். 2021இல் வந்த ஒலி அடையாள வசதி அதற்குள் பெயரைத் திரையில் போட்டுவிடும். ஆனால் கரிச்சானிடம் கவனம். மற்றப் பறவைகளைப்போல நன்றாகவே கத்திக் காட்டும். ஆளைக் காணாமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

குச்சவெளிக் களப்பில் என் கை கையேட்டுக்குத்தான் போகும். குளிர்காலத்தில் வரும் மணல் உப்புக்கொத்திகள், பெரியதும் சிறியதும், ஒரே மங்கல் நிறம். போன் படத்தில் வெறும் புள்ளிகள். கையேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருப்பார்கள், பார்க்க வேண்டியது அலகு என்பது அங்கேதான் புரியும். அலகின் நீளத்தை அதன் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள்: அலகு நீளமென்றால் பெரியது, கட்டையென்றால் சிறியது. கால் நிறமும் உதவும்தான், சேறு அப்பாமல் இருந்தால். கையேட்டின் குறை, அது பழசாகிவிடும். சின்ன மணல் உப்புக்கொத்தியை அண்மையில் சைபீரியம், திபெத்தியம் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். செயலி புதுப்பித்துக்கொள்ளும்; அச்சடித்த பக்கம் அப்படியே இருக்கும்.

சரி, இரண்டும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது: நம்மூர் மரங்கொத்தி. யாழ்ப்பாணப் பக்கம் முதுகு பொன்நிறம், தெற்கே சிவப்பு. முன்பு ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்றார்கள். இப்போது செம்முதுகு மரங்கொத்தியை இலங்கைக்கே உரிய தனி இனமாக வைக்கிறார்கள். இடைப்பட்ட நிலத்தில் இரண்டும் கலந்து இனம்பெருக்குகின்றன. அந்தக் கலப்பு வலயத்தின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை என்று ஓடுகிறது. ஆகவே செம்மஞ்சள் முதுகோடு ஒன்று தென்னையில் ஏறினால் ஆச்சரியமில்லை. கையேட்டில் அதற்குப் படம் இருக்காது. மெர்லினின் படத் தேடல் பொன்முதுகு, செம்முதுகு இரண்டில் ஒன்றைத் தூக்கித் தரும், அதை நம்பிப் பதிந்தால் பதிவே பிழை.

இதற்கு நான் சொல்வது மூன்றாவது வழி: பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளம். அங்கே இனத்தை முடிவு செய்யாமல் பொதுப் பெயரில் விட்டு, முதுகின் நிறத்தைக் குறிப்பில் எழுதிப் படத்தையும் சேர்க்கலாம். வழக்கத்துக்கு மாறான பதிவென்றால் அந்தப் பகுதியின் தன்னார்வப் பரிசோதகர்கள் திருப்பிக் கேட்பார்கள். மெர்லின் அப்படிக் கேட்காது. படத்தை மட்டும் சாயும் வெயிலில் எடுக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் பொன்முதுகும் செம்மஞ்சளாகத்தான் தெரியும்.